நிகழ்தகவும் நம்பிக்கையும்

"இன்று மழை வரலாம்." "இந்த முறை தேறிவிடுவாள்." "அடுத்தது ஆண் குழந்தையாகத்தான் பிறக்கும்." இவ்வாறு நாள்தோறும் பேசுகிறோம். இச்சொற்களில் ஐயமும் எதிர்பார்ப்பும் கலந்திருக்கின்றன. நடக்கவும் கூடும், நடவாமற்போகவும் கூடும் என்னும் நிலையை எண்ணால் அளக்கும் கணக்கே நிகழ்தகவு. 1654-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர்களான பாஸ்கல், பெர்மா இருவரும், பாதியில் நின்றுபோன சூதாட்டத்தில் பந்தயப் பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்று கடிதங்கள் வழியே ஆராய்ந்தனர். அதுவே இக்கணிதத்துக்கு அடிப்படையாயிற்று.

இயற்கையில்

இன்றைய செக் நாட்டிலுள்ள பிர்னோ நகரில், அகுஸ்தினார் சபைத் துறவியான மெண்டல், 1856 முதல் 8 ஆண்டுகள் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஆராய்ந்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது முதலில் உருண்டை விதைகளே கிடைத்தன. அவற்றை விதைத்து வளர்த்த செடிகள் தந்த 7,324 விதைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று! ஒரு காயை உரிக்குமுன் அதிலுள்ள விதை எவ்வகையது என்று மெண்டலாலும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் ஆயிரக்கணக்கில் எண்ணும்போது ஓர் ஒழுங்கு தெரிகிறது.

இனி ஒரு நாணயத்தைச் சுண்டுவோம். ஐந்து முறையும் தலை விழுந்தால், ஆறாவது முறை பூதான் விழும் என்று பலர் பந்தயம் கட்டுவர். நாணயத்துக்கு நினைவு ஏது? ஆறாவது முறையும் வாய்ப்பு இரண்டில் ஒன்றே.

குழந்தைப் பிறப்பும் ஏறக்குறைய இவ்வாறே. 1905-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெண் விஞ்ஞானி நெட்டி ஸ்டீவன்ஸ், மாவுப்புழு வண்டுகளை ஆராய்ந்து, ஆணா பெண்ணா என்பதைக் குரோமோசோம்களே முடிவு செய்கின்றன என்று காட்டினார். மனிதரில் தாயிடமிருந்து எப்போதும் எக்ஸ் குரோமோசோமே வருகிறது; தந்தையிடமிருந்து எக்ஸ் அல்லது ஒய் வருகிறது. எக்ஸ் வந்தால் பெண், ஒய் வந்தால் ஆண். மூன்று பெண்கள் பிறந்த வீட்டிலும் நான்காவது குழந்தைக்கு வாய்ப்பு ஏறத்தாழப் பாதிக்குப் பாதியே. அப்படியிருக்கப் பெண்ணைப் பெற்றவள் என்று தாயைத் தூற்றுவது எவ்வளவு பெரிய அநீதி! தந்தையும் வேண்டுமென்று செய்வது ஒன்றுமில்லை. இருப்பினும் நம் மாநிலத்தில் பெண் சிசுக்களைக் காக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. கருவிலேயே பாலறிந்து சொல்வதை 1994-இல் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. ஒரு சிறு கணக்கை அறியாமையால் எத்தனை தாய்மார் கண்ணீர் வடித்தனர்!

விசுவாசத்தில்

எல்லாம் வாய்ப்பின்படி நடந்தால் இறைவனுக்கு அங்கே இடம் உண்டா என்று சிலர் கேட்பர். மூன்றுக்கு ஒன்று என்ற ஒழுங்கைக் கண்ட மெண்டல் இறுதிவரை துறவியாகவே வாழ்ந்து, மடத்தின் தலைவராகி, 1884-இல் மறைந்தார். அறிவியல் அவருடைய செபத்துக்குத் தடையாகவில்லை.

நம்மில் பலர் செபத்தை ஒரு பேரமாக எண்ணுகிறோம். மெழுகுதிரி ஏற்றினேன், மதிப்பெண் தா என்று கேட்கிறோம். கெத்சமனித் தோட்டத்தில் இயேசு பெருமானும் துன்பக் கிண்ணம் அகல வேண்டுமென்றே மன்றாடினார். ஆயினும் முடிவைத் தந்தையின் திருவுளத்துக்கு விட்டுவிட்டார். அன்னை தெரசா 1997-இல் இறந்தார். 2007-இல் வெளியான அவருடைய கடிதங்கள், பல்லாண்டுகள் இறைப்பிரசன்னத்தை உணராமல் அவர் உள்ளத்தில் இருள் சூழ்ந்திருந்ததைக் கூறுகின்றன. ஆயினும் கல்கத்தாவின் ஏழைகளுக்குச் செய்த பணியை அவர் நிறுத்தவில்லை. ஒளி தெரியாத வேளையிலும் வழியை விடாது நடப்பதே விசுவாசம் என்று இதனால் அறிகிறோம்.

வாழ்வில்

வள்ளுவர் "ஊழ்" என்று ஓர் அதிகாரம் செய்து விதியின் வலிமையைக் கூறினார். "ஆள்வினையுடைமை" என்னும் அதிகாரத்தில் தளராத முயற்சி விதியையும் வெல்லும் என்றார். இவ்விரண்டும் நிகழ்தகவுக்குப் பொருந்தும். பத்துப் பாடங்களில் ஆறு பாடங்களைப் படித்தவளுக்கு, ஏதேனும் ஒரு பாடத்திலிருந்து கேட்கும் வினா தெரிந்ததாக அமையும் வாய்ப்பு பத்தில் ஆறு. ஒன்பது படித்தவளுக்குப் பத்தில் ஒன்பது. வினாத்தாள் நம் கையில் இல்லை. ஆறை ஒன்பதாக்குவது நம் கையில் உண்டு. மழை நிச்சயமில்லை என்று உழவர் விதைக்காதிருந்தால் நமக்குச் சோறு ஏது?

அன்புத் தோழியரே! நாளை என்ன நடக்கும் என்பது நமக்கு மறைவாகவே இருக்கும். ஆகவே நடந்துவிட்ட ஒன்றுக்காகப் பிறரைப் பழிக்காதிருப்போம். நடக்கவேண்டியதற்கு நம்மால் இயன்ற அனைத்தையும் செய்வோம். எஞ்சியதை இறைவன் திருக்கரத்தில் ஒப்படைப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி