வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஒரு விடுமுறை

அரையாண்டுத் தேர்வு முடிந்த அன்று மாலையே பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு விடுமுறை தொடங்கிவிடும். புத்தகப் பையை மூலையில் வைத்தால் போதும். வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு மாலை தானாக வருவதில்லை. படித்த அதே கூடம், எழுதிய அதே மேசை, சொல்லிக்கொடுத்த அதே அம்மா. நாமாக முடிவெடுத்தால்தான் விடுமுறை. போதாததற்கு, ஹோம்ஸ்கூலிங் செய்யும் பெற்றோரிடம் கண்ணில் பட்டதையெல்லாம் பாடமாக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. காய் நறுக்கினால் பின்னம், கடைக்குப் போனால் சதவீதம். இதனால் பிள்ளைக்கும் ஓய்வில்லை, பெற்றவர்களுக்கும் ஓய்வில்லை.

மார்கழிப் பிற்பகுதியிலிருந்து காணும் பொங்கல் வரையான நாட்கள் தமிழ்நாட்டில் இதற்கு மிகவும் ஏற்றவை. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அடங்கியிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. தெருவில் மற்றப் பிள்ளைகளும் விளையாடக் கிடைப்பார்கள். வெளியூர்ப் பயணம், பெரிய செலவு எதுவும் இல்லாமல் இந்த நாட்களை வீட்டிலேயே நிம்மதியாகக் கழிக்கச் சில குறிப்புகள்.

1. தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் காலண்டரில் குறித்து, பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். "கொஞ்ச நாள் லீவு" என்று பொதுவாகச் சொன்னால், மூன்றாம் நாள் காலையில் உங்களுக்கே கை துறுதுறுத்து ஒரு கணக்குத் தாளை எடுத்து வைத்துவிடுவீர்கள். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் (என்.ஐ.ஓ.எஸ்.) வழியாக ஏப்ரல் தேர்வு எழுதப்போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஒப்படைப்புகளை அனுப்பக் கடைசி நாள் வழக்கமாக ஜனவரி இறுதியில் வரும். இந்த ஆண்டின் தேதியை அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துக்கொண்டு, அந்த வேலையை விடுமுறைக்கு முன்பே முடித்துவிடுங்கள். தலைக்கு மேல் வேலை தொங்கிக்கொண்டிருந்தால் பிள்ளையால் ஓய்ந்திருக்க முடியாது.

2. பாடப் புத்தகங்கள் கண்ணில் படக் கூடாது. சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கி வைத்துவிட்டு, விஜயதசமி அன்று எடுக்கும் வரை படிக்காமல் இருப்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம்தான். அதையே இந்த நாட்களுக்கும் நீட்டிக்கொள்ளலாம். அலமாரிக்குக் கதவு இல்லையென்றால் பழைய புடவை ஒன்றைத் திரையாகக் கட்டுங்கள். சுவரில் ஒட்டிய வாய்ப்பாடு, கால அட்டவணை, வரைபடம் எல்லாவற்றையும் சுருட்டி வையுங்கள். கதைப் புத்தகங்கள் மட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

3. எடுத்து வைக்கும்போதே புத்தகங்களைக் காற்றாட விடுங்கள். மழைக்காலம் முழுக்க ஈரம் குடித்த தாள்களில் பூஞ்சை வாடை அடிக்கும். காலை இளவெயிலில், பக்கங்கள் விரியும்படி நிறுத்தி வைத்தால் போதும். உச்சி வெயிலில் காய்ந்தால் தாள் பழுத்துவிடும். அலமாரியில் போடும் வேப்பிலை நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். பச்சை இலையைப் போட்டால் அதன் ஈரமே பூஞ்சைக்கு வழிசெய்யும்.

4. எதையும் பாடமாக்காதீர்கள். இந்தப் பட்டியலில் எனக்கு மிக முக்கியமானது இதுதான். மார்கழிக் கோலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு வரிசைக்கு ஏழு புள்ளி வைத்து, பிள்ளை சிக்குக் கோலத்தின் கோட்டை இழுத்துக்கொண்டிருக்கிறாள். "மொத்தம் எத்தனை புள்ளி? எத்தனை பக்கம் சமச்சீர்?" என்று கேட்க நமக்கு நாக்கு நமநமக்கும். கோலத்துக்குள் கணிதம் இருப்பது உண்மைதான். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி போன்றவர்கள் 1970-களில் கோலத்தின் அமைப்பைக் கணித முறையில் ஆராய்ந்து கட்டுரைகளே எழுதினார்கள். அந்தக் கணிதம் தை மாதத்திலும் அங்கேதான் இருக்கும், அப்போது பேசிக்கொள்ளலாம். இன்று கோலப்பொடி விரலிடுக்கில் வழுக்கி இறங்குவதையும், கோடு தப்பாமல் வந்து சேர்வதையும் அவள் அனுபவிக்கட்டும். கோடு பிசகினால் அழித்துப் போடட்டும், அல்லது அப்படியே விடட்டும். நாம் பக்கத்தில் உட்கார்ந்து பூசணிப் பூ செருகினால் போதும்.

பிள்ளையாகவே கேள்வி கேட்டால் பதில் சொல்லலாம். கேட்ட அளவுக்குப் பதில் சொல்லி நிறுத்திக்கொள்வதுதான் கடினம். இந்த விடுமுறையில் பெற்றோர் பழக வேண்டிய ஒரே காரியம் என்றால் அதுதான்.

5. அடுப்படிக்குப் பாதி விடுமுறை கொடுங்கள். விடுமுறைக்கு முதல் நாளே ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் செய்து வையுங்கள். நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, எண்ணெய் மேலே பிரிந்து மிதக்கும்வரை சுண்டக் காய்ச்ச வேண்டும். ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் போட்டு, ஈரமில்லாத கரண்டியால் எடுத்தால் கெடாது. கூடவே பருப்புப் பொடி, இட்லிப் பொடி. மார்கழிக் குளிரில் இட்லி மாவு சீக்கிரம் பொங்காது. உப்புப் போட்டுக் கையாலேயே நன்றாகக் கலந்து, பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் இறக்கி, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடுங்கள். காலையில் பொங்கியிருக்கும்.

மாலைக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கவே வேண்டாம். சந்தையில் பனங்கிழங்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பச்சை மொச்சையும் வந்திருக்கும். பனங்கிழங்கின் மேல்தோலை உரித்து, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, உப்பும் மஞ்சள்தூளும் போட்டு வேகவையுங்கள். வெந்ததும் இரண்டாகப் பிளந்து, நடுவில் உள்ள தண்டை எடுத்துவிட்டு, நாரை உரித்து உரித்துத் தின்ன ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

6. அம்மாவுக்கும் விடுமுறை வேண்டும். வீட்டுக்கல்வியில் ஆசிரியையும் அவளே, சமையலும் அவளே, அட்டவணை போடுபவளும் அவளே என்றுதான் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. பாடத்தை மட்டும் நிறுத்திவிட்டு மிச்ச வேலையெல்லாம் அப்படியே நடந்தால், அது அவளுக்கு விடுமுறையே அல்ல. பலகாரமும் சுத்தம் செய்வதும் சேர்ந்து வேலை கூடத்தான் செய்யும். அதனால் தினமும் ஒரு வேளை உணவைப் பிள்ளைகளும் அப்பாவும் எடுத்துக்கொள்ளட்டும். அடுப்பே பற்றவைக்காமல் பத்து வயதுப் பிள்ளை தயிர் அவல் செய்துவிடலாம்: கெட்டி அவலைக் களைந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, தயிரும் உப்பும் சேர்த்து, துருவிய கேரட்டும் கொத்தமல்லியும் தூவினால் ஆயிற்று. பெரியவர் யாராவது தாளித்துக் கொட்டிக் கொடுக்கலாம்.

பிற்பகலில் ஒரு மணி நேரம் அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று ஒரு ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள். அவள் தூங்கலாம், வாரப் பத்திரிகை படிக்கலாம், எதுவும் செய்யாமல் கிடக்கலாம். அந்த நேரத்தில் அடுத்த பருவத்துக்கான பாடத்திட்டத்தை அவள் எழுத உட்கார்ந்தால், பேனாவை வாங்கி வைக்கும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு. அப்பா வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் என்றால், அவருடைய மடிக்கணினியும் சில நாட்களாவது மூடியிருக்க வேண்டும்.

7. "போரடிக்குது" என்று பிள்ளை சொன்னால் உடனே எதையாவது ஏற்பாடு செய்ய ஓடாதீர்கள். "அப்படியா, கொஞ்ச நேரம் சும்மா இரு" என்று சொன்னால் போதும். பழைய அட்டைப் பெட்டி, கயிறு, கத்தரிக்கோல், களிமண், கிழிந்த போர்வை ஆகியவற்றை ஒரு மூலையில் போட்டு வையுங்கள். அரை மணி நேரத்தில் அங்கே ஒரு கடையோ கூடாரமோ முளைத்திருக்கும். எட்டிப் பார்த்து யோசனை சொல்லாதீர்கள்.

8. சாயங்காலத்துக்கு விளையாட்டுகள்: பல்லாங்குழி, தாயம், ஐந்தாங்கல், பரமபதம். ஆடுபுலி ஆட்டத்துக்குப் பலகைகூட வேண்டாம், திண்ணையில் சாக்பீஸால் கோடு போட்டால் போதும். புலிக்கு மூன்று கல், ஆட்டுக்குப் பதினைந்து புளியங்கொட்டை. தாத்தா பாட்டி இருக்கும் வீடு என்றால் விதிகளை அவர்களே சொல்லட்டும். அவரவர் ஊர் விதி கொஞ்சம் கொஞ்சம் மாறும், அந்த வாக்குவாதமும் ஆட்டத்தில் சேர்த்திதான்.

9. ஒரு நாளாவது இரவுச் சாப்பாட்டை மொட்டைமாடிக்குக் கொண்டுபோங்கள். டிசம்பர் கடைசியில் இரவு ஒன்பது மணிக்குக் கிழக்கே பார்த்தால் மூன்று விண்மீன்கள் ஒரே கோட்டில் நெருக்கமாக நிற்கும். அவற்றுக்குப் பக்கத்தில் செம்மையாகத் தெரிவதுதான் திருவாதிரை. மூன்றின் கோட்டை மனத்தில் ஒரு பக்கம் நீட்டினால், வானத்திலேயே மிகப் பளிச்சென்ற சிரியஸ் விண்மீன். மறுபக்கம் நீட்டினால் ரோகிணி, அதையும் தாண்டினால் சிறு கொத்தாகக் கார்த்திகை. பாட்டி வாயில் தினமும் வரும் நட்சத்திரப் பெயர்கள் தலைக்கு மேல் உண்மையாகவே இருப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். மார்கழித் திருவாதிரை அன்று களி செய்யும் வீடு என்றால், அன்றைக்கே இதை வைத்துக்கொள்ளலாம். அன்று முழுநிலவு திருவாதிரைக்குப் பக்கத்திலேயே நிற்கும் என்பதால் மங்கலான கார்த்திகைக் கொத்து தெரிவது கடினம், அதை வேறொரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. பொங்கல் நாட்களில் பதினைந்து நிமிடம் பறவை பாருங்கள். தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். அதற்குக் காட்டுக்கோ ஏரிக்கோ போக வேண்டியதில்லை. வீட்டு வாசல், மாடி, தோட்டம், எங்கே இருந்தாலும் குறைந்தது பதினைந்து நிமிடம் பார்த்து, தெரிந்த பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் 'இ-பேர்ட்' தளத்தில் பதியலாம். காகம், மைனா, தேன்சிட்டு, கரிச்சான், செண்பகம் என்று நகரத்திலேயே நல்ல பட்டியல் தேறும். குளிர்காலத்துக்கு இங்கே வரும் சோளக்குருவிக் கூட்டமும் கண்ணில் படலாம். விருப்பமுள்ள பிள்ளை மட்டும் வரட்டும்.

11. பண்டிகைக்கு வரும் உறவினர்களுக்கு முன்பே தயாராகுங்கள். "எந்த கிளாஸ் படிக்கிற?", "பதினேழாம் வாய்ப்பாடு சொல்லு பார்ப்போம்" என்று பிள்ளையைக் கூடத்தின் நடுவே நிறுத்திக் கேட்பது நடக்கும். அன்பு, கவலை இரண்டும் கலந்த கேள்விதான் அது. ஆனாலும் விடுமுறையில் பிள்ளை தேர்வு எழுத வேண்டியதில்லை. "வீட்டிலேயே படிக்கிறேன் மாமா, இப்ப லீவு" என்று சிரித்துக்கொண்டே சொல்லப் பழக்குங்கள். அதற்கு மேல் கேள்வி வந்தால் நீங்கள் குறுக்கே போங்கள்: "அவ போட்ட கோலத்தைப் பார்த்தீங்களா அண்ணா?" என்று பேச்சை மாற்றலாம். பள்ளிக்கூடம் பற்றிய நீண்ட விவாதத்தைப் பிள்ளைகள் முன்னால் வைத்துக்கொள்ள வேண்டாம். எவ்வளவு பிரியமானவர்களானாலும் அதை மாடியில் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

12. செல்போன், தொலைக்காட்சிக்கு முழுத் தடை வேண்டாம். மாலையில் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் பார்க்கலாம். இரவு எல்லாப் போன்களும், பெரியவர்களுடையதும் சேர்த்து, கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும்.

13. போகிக்கு எதையும் கொளுத்தாமல் காகிதங்களை மட்டும் பிரியுங்கள். ஓராண்டில் பிள்ளை எழுதியதும் வரைந்ததும் குவிந்திருக்கும். நல்லதில் கொஞ்சம், திணறி எழுதியதில் கொஞ்சம் எடுத்து, ஒவ்வொன்றிலும் தேதி போட்டு ஒரே கோப்பில் வையுங்கள். வளர்ச்சி அதில்தான் தெரியும். எதை வைத்துக்கொள்வது என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். மிச்சத்தைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடலாம்.

14. காணும் பொங்கல் முடிந்த மறுநாளே முழு அட்டவணையோடு இறங்காதீர்கள். முதல் வாரம் காலையில் ஒரு மணி நேரம், வாசிப்பும் கணக்கும் மட்டும் போதும். கணக்கில் புதுப் பாடம் எடுக்காமல், முன்பு நன்றாக வந்த பகுதியிலிருந்து தொடங்குங்கள். அறிவியலும் மற்றவையும் இரண்டாம் வாரத்தில் சேர்ந்துகொள்ளட்டும். அம்மாவின் பிற்பகல் ஒரு மணி நேரத்தை மட்டும் விடுமுறையோடு நிறுத்திவிடாமல், புது அட்டவணையில் முதல் வரியாகவே எழுதிவிடுங்கள்.