சுருள் குழாயும் சூட்டு நீராவியும்

கந்தப்பளை

அன்பு மருமகனுக்கு,

பயிற்சிக்குப் போன மூன்றாம் வாரமே நல்ல கேள்வி கேட்டு எழுதியிருக்கிறாய். நுவரெலியா ரோட்டில் லொறியில் போன பெரிய ஸ்பைரல் பைப்பைப் பார்த்தாயாம். "தேயிலை ஸ்டோர் பொயிலருக்கு நீராவி லைனாக இதையே போட்டால் என்ன மாமா, மலிவுதானே?" என்கிறாய். போடக்கூடாது. ஏன் என்பது உனக்குத் தெளிவாகப் புரிய வேண்டும்.

ஒரு பேப்பர் நாடாவைப் பூரிக்கட்டையில் சாய்வாகச் சுற்று. ஓரமும் ஓரமும் சேரும் கோடு கட்டையைச் சுற்றிக்கொண்டே போகிறதல்லவா, அதுதான் தையல். ஆலையில் உருக்குச் சுருளை இப்படிச் சுற்றி, உள்ளும் புறமும் வெல்டிங் செய்கிறார்கள். ஒரு மீட்டர் அகலத் தகட்டில் 60 சென்டிமீட்டர் விட்டக் குழாய் செய்தால், ஒவ்வொரு மீட்டர் குழாயிலும் ஏறத்தாழ 1.9 மீட்டர் ஒட்டு இருக்கும். நேர்த்தையல் குழாயில் அது ஒரு மீட்டர்தான்.

அப்படியானால் ஸ்பைரல் மட்டமா? அவசரப்படாதே. நம் பீலிக்கரையில் வெடித்த குழாயைப் பார்த்திருக்கிறாய், நீளவாக்கில்தான் கிழிந்திருந்தது. அமுக்கம் குழாயை நீளத்தில் இழுப்பதைப்போல் இரண்டு மடங்கு விசையோடு சுற்றளவில் இழுக்கிறது. நேர்த்தையல் அந்த முழு இழுப்பையும் நேராக வாங்கிக்கொள்ளும். சாய்ந்த தையலைக் குறுக்காக இழுக்கும் விசையோ, மேலே சொன்ன குழாயில் அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. கணக்குப் போட்டுப் பார், எனக்கு இன்றும் அழகாகத் தோன்றும் கணக்கு அது. குளிர்ந்த நீருக்கும் பெரிய விட்டத்துக்கும் இது நல்ல குழாய் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அமுக்கம் மட்டும் என்றால் உருக்குக் குழாய் தாங்கிவிடும், நம் மலையிலேயே அதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 1950இல் இயங்கத் தொடங்கிய பழைய லக்சபான நீர்மின் நிலையத்துக்குத் தண்ணீர் 400 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து இறங்குகிறது. பத்து மீட்டருக்கு ஒரு பார் என்றால், அடியில் 40 பாருக்கு மேல். ஆனால் அது குளிர்ந்த தண்ணீர்.

சூடு சேர்ந்தால்தான் விவகாரம். லயத்து அடுப்பில் அம்மாச்சி குறுக்கே போட்டிருந்த இரும்புக் கம்பி நினைவிருக்கிறதா? அதே சட்டி, அதே பாரம், ஆனாலும் வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்தது. சூட்டில் உருக்கு தன் பலத்துக்குக் குறைந்த பாரத்திலும் மெல்ல மெல்ல நீளும். சாதாரணக் கார்பன் உருக்கில் 400 பாகை செல்சியசுக்கு மேல் இதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். ஒட்டும் அதன் ஓரத்தில் வெந்த பகுதியும் முதலில் தளரும் இடங்கள். ஒட்டின் நீளம் கூடினால் தளரும் இடமும் கூடும்.

1985 ஜூன் 9 அன்று அமெரிக்காவின் நெவாடாவிலிருந்த மொகாவே அனல்மின் நிலையத்தில், சூட்டு நீராவிக் குழாயொன்று தையல் வழியே திடீரென்று வெடித்தது. ஆறு பேர் இறந்தார்கள். அது நேர்த்தையல், அதையே அந்தச் சூடு பல வருடங்களில் உள்ளுக்குள் தின்றுவிட்டது. நம் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் 300 மெகாவாட் அலகுகளிலும் நீராவி 500 பாகையைத் தாண்டும். அங்கே குரோமியம், மொலிப்டினம் கலந்த தையலில்லாக் குழாய்தான் பொருத்தம்.

நம் ஸ்டோர் அவ்வளவு சூடு காண்பதில்லை. கந்தப்பளை உயரத்தில் திறந்த பானைத் தண்ணீர் சுமார் 93 பாகையிலேயே கொதித்துவிடும்; பொயிலரில் 10 பார் அமுக்கத்தில் அடைத்தால் சுமார் 184 பாகை வரும். கம்பி தொய்ந்த கதை அங்கே நடக்காது. ஆனால் காலையில் சூடேறி இரவில் ஆறும் ஒவ்வொரு முறையும் குழாய் நீண்டு சுருங்குகிறது. சுற்றும்போதே உள்ளே தங்கிவிட்ட இறுக்கத்தோடு இந்த இழுபறியும் சேர்கிறது. குழாய்களுக்கான பி31.3 விதிநூல், ஸ்பைரல் குழாயும் அடங்கும் ஏ139 வகைக் குழாயின் ஒட்டுக்கு 80 வீதப் பலத்தையே ஏற்கிறது, தையலில்லாத ஏ106 குழாய்க்கு நூறும். போதாததற்கு, உனக்கு வேண்டியது இரண்டு, மூன்று அங்குலக் குழாய். ஸ்பைரலின் ஆதாயமெல்லாம் பெரிய விட்டத்தில்தான். ஆக, நீ சொன்ன மலிவும் இங்கே கிடைக்காது.

இன்னொரு முறை அந்த லொறியைக் கண்டால், குழாய் மேல் பெயிண்டில் எழுதியிருக்கும் எழுத்தையும் எண்ணையும் அப்படியே குறித்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் மாமா