எலக்ட்ரான் கற்றையும் அயனி மண்டல அலைகளும்

பேரிகையில் பகலெல்லாம் கரகரக்கும் வானொலிப் பெட்டி, இரவு எட்டு மணிக்கு மேல் எங்கோ இருக்கும் மத்திய அலை நிலையங்களைத் தெளிவாகப் பிடிக்கிறது. தலைக்கு மேலே அயனி மண்டலம் ஒன்று இருப்பதற்கு நம் ஊரிலேயே கிடைக்கும் சான்று இது. வானொலி அலைகளைத் திருப்பியனுப்பும் அம்மண்டலம் தனக்குள்ளும் அலைகளை எழுப்புவதுண்டு. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

அங்குள்ள எலக்ட்ரான்களைச் சற்று இடம்பெயர்த்தால் கனமான அயனிகள் அவற்றைப் பின்னுக்கு இழுக்கும். அவை பழைய இடத்தையும் தாண்டி ஓடும், மீண்டும் இழுபடும். கன சென்டிமீட்டருக்குப் பத்து இலட்சம் எலக்ட்ரான்கள் இருப்பின் இவ்வூசலின் அதிர்வெண் ஏறத்தாழ 9 மெகாஹெர்ட்ஸ். எண்ணிக்கை நான்கில் ஒன்றானால் அதிர்வெண் பாதியாகும்.

ஏரியின்மேல் வீசும் காற்றால் சிற்றலை பெருகுவதுபோல, பிளாஸ்மாவினூடே எலக்ட்ரான் கற்றை பாய்ந்தால் இந்த ஊசல் அலையாகப் பெருகும். அலையைவிடச் சற்று விரைவாகச் செல்லும் எலக்ட்ரான்கள் தம் ஆற்றலை அலைக்கு ஈந்து வேகம் குன்றுகின்றன.

இங்குதான் சிக்கல். எளிய கணக்கின்படி, கற்றை சிறிது தூரத்திலேயே ஆற்றலை இழந்து சிதறிவிட வேண்டும். ஆனால் 1970இல் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவிலிருந்து ஏவப்பட்ட எக்கோ ராக்கெட் உமிழ்ந்த எலக்ட்ரான்கள், புவிகாந்தக் கோட்டின் வழியே தென்கோளம் வரை சென்று திரும்பி வந்தன! கணக்கு பொய்யா? பொய்யன்று, குறையுடையது. அலை வளர வளரக் கற்றையின் வேகங்கள் பரவுகின்றன; பரவியபின் அலைக்குத் தீனி குறைகிறது. மேலும் எலக்ட்ரான் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுவதால், அலைக்கும் கற்றைக்கும் இருந்த பொருத்தம் குலைகிறது. எஞ்சியவை தப்பிச் செல்கின்றன.

துப்பாக்கியின்றி இயற்கையே எலக்ட்ரான்களை ஓடவிடும் இடம் நம் நாட்டிலேயே உள்ளது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் ஏவப்பட்டது. காந்த நடுக்கோடு அருகே செல்வதே அவ்விடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம். அங்கே ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் எலக்ட்ரான்கள் மேற்கு நோக்கி ஓடுகின்றன. அயனிகளோ காற்று மூலக்கூறுகளோடு மோதி நின்றுவிடுகின்றன. இவ்விரண்டின் வேக வேறுபாடு, அங்குள்ள அயனி ஒலிவேகமான நொடிக்குச் சுமார் 360 மீட்டரை மிஞ்சினால் அலைகள் எழும் என்று ஃபார்லியும் புனேமனும் 1963இல் தனித்தனியே காட்டினர். இவை மேற்சொன்ன ஊசல் அல்ல, ஒலியை ஒத்த வேறுவகை அலைகள். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தார் தும்பா ராக்கெட்டுகளில் லாங்மியூர் முனைகளைப் பொருத்தி, எலக்ட்ரான் அடர்த்தி சில மீட்டர் இடைவெளியிலேயே ஏறி இறங்குவதை அளந்தனர்.