அமெரிக்க வெள்ளியில் கொல்லர் குறிகள்

கேள்வி: பழைய அமெரிக்க வெள்ளிக் கரண்டியில் உள்ள முத்திரை எழுத்துகளைக் கொண்டு அதைச் செய்தவரை அறிய முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். இங்கிலாந்தில் தரச்சோதனைச் சாலைகள் வெள்ளியைச் சோதித்துச் சிங்க முத்திரையும் ஆண்டைச் சுட்டும் எழுத்தும் பதித்தன. அமெரிக்கக் குடியேற்றங்களில் அத்தகைய சாலைகள் இல்லாததால், வெள்ளிக்கொல்லர் தம் முதலெழுத்துகளைச் செதுக்கிய எஃகு அச்சால் அடித்த குறியே தரத்துக்கும் பொறுப்பேற்றது. பால்டிமோர் நகரில் மட்டும் 1814இல் சோதனைமுறை ஏற்பட்டது.

'ஜே' எழுத்துக்குப் பதில் 'ஐ' பொறிப்பது அக்கால வழக்கமாதலால், 1652இல் பாஸ்டன் நாணயச்சாலையின் பொறுப்பை ஏற்ற ஜான் ஹல்லின் குறி 'ஐ, எச்' என்றே காணப்படுகிறது. இதை அறியாதவர் பெயர்ப்பட்டியலில் வேறிடத்தில் தேடி ஏமாறுவர். ஒரே முதலெழுத்துகள் பலருக்கும் பொருந்துவதால், எழுத்துகளைச் சூழ்ந்த சட்டம் நீள்சதுரமா, முட்டைவடிவா, இதயவடிவா என்பதையும், இடையிலுள்ள புள்ளியையும் உருப்பெருக்கியில் நோக்குவது இன்றியமையாதது. கைப்பிடியில் கையால் செதுக்கிய எழுத்துகள் பொதுவாக உரிமையாளருடையவை.

வெள்ளிக்கொல்லர் பால் ரெவியர் பெரும்பாலும் தம் குடும்பப் பெயரையே நீள்சதுரத்துள் பதித்தார். அவர் புகழால் போலிகளும் பெருகின. அச்சால் அடித்த குறியின் விளிம்பு கூர்மையாக இருக்கும். வார்ப்பில் எடுத்த போலியில் அது மழுங்கி, நுண்குழிகளுடன் தோன்றும்.