உப்புத்தண்ணியில் நின்ற பழைய வண்டி: சாவியைத் திருகும் முன் இதைப் படிங்க

காரைக்காலில் சில வீட்டு வாசல்களில் இன்றும் ஓர் அம்பாசிடரையோ பிரீமியர் பத்மினியையோ பார்க்கலாம். தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டிப் பழகியது, அக்கா கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்குப் போனது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. அம்பாசிடர் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டது. பத்மினி அதற்கும் முன்பே நின்றது. போனால் ஷோரூமில் புதுசு வாங்க முடியாத வண்டிகள் இவை.

நம் ஊரோ கடலோர ஊர். 2004 டிசம்பர் 26 சுனாமியை மறக்க முடியாது. 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்கால் அருகே கரை கடந்தது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது.

அப்படி ஒரு நாளில் வாசலில் நிற்கும் வண்டிக்குள் தண்ணி வந்துவிட்டால் என்ன செய்வது? ஒரு பழைய வண்டியின் தலையெழுத்து இரண்டு நேரங்களில் முடிவாகிறது. ஒன்று, மழைக்கு முன் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் நாள். இன்னொன்று, தண்ணி வடிந்த முதல் நாள் காலை.

மழைத்தண்ணியும் கடல்தண்ணியும் ஒன்றல்ல

2015, 2023 டிசம்பர்களில் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. அங்கே வந்தது பெரும்பாலும் மழைநீரும் ஏரி, ஆற்று நீரும்தான். இங்கே புயல் நேரத்தில் கடல் பொங்கினால், அரசலாற்று முகத்துவாரம் வழியாக உப்புநீர் உள்ளே ஏறலாம். அதனால் "எங்க தெரு கடற்கரையிலிருந்து தூரம்" என்று நினைத்துவிட வேண்டாம். வண்டி காய்ந்ததும் வெள்ளைப் படலம் தெரிந்தால், வந்தது உப்புநீராக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணி வடிந்தாலும் உப்பு தகட்டிலேயே தங்கிவிடும். காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும். வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும், கதவுக்குள்ளும் அடித்தட்டின் மடிப்புகளிலும் துருப் பிடிப்பது நிற்காது.

முதல் நாள்: இதே வரிசையில் செய்யுங்க

1. ஸ்டார்ட் பண்ணாதீங்க. சாவியைத் திருகவும் வேண்டாம், தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணி இருந்தால், அதைக் காற்றைப் போல அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வந்து தண்ணியில் மோதும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சுத்தம் செய்து காப்பாற்றியிருக்கக்கூடிய எஞ்சின் ஒரு நொடியில் போய்விடும்.

2. பேட்டரி இணைப்பைக் கழற்றுங்க. முதலில் நெகட்டிவ் முனை. 2012-இல் அமெரிக்காவில் சாண்டி புயலின்போது, நியூ ஜெர்சி துறைமுகத்தில் கடல்நீரில் மூழ்கிய 16 ஃபிஸ்கர் கார்கள் எரிந்துபோயின. உள்ளே தங்கிய உப்பால் ஏற்பட்ட ஷார்ட் சர்க்யூட்தான் காரணம் என்று அந்த நிறுவனம் கூறியது. உங்க வீட்டில் மின்சார ஸ்கூட்டர் மூழ்கியிருந்தால், அதை சார்ஜ் போடாமல், வீட்டை விட்டுத் தள்ளித் திறந்தவெளியில் நிறுத்துங்க.

3. போட்டோ எடுங்க. கழுவுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். நான்கு பக்கமும், நம்பர் பிளேட்டும், உள்ளே தண்ணி நின்ற கோடும் தெரிய வேண்டும். ஒரு வீடியோவும் இருக்கட்டும்.

4. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லுங்க. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்க. "நல்ல தண்ணியில் உப்பைக் கழுவிவிடலாமா?" என்று அப்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்க.

5. நல்ல தண்ணியில் கழுவுங்க. வெளிப்புறம் மட்டும் போதாது. அடிப்பகுதி, கதவின் உட்புறம், பிரேக் டிரம், சீட்டுக்கு அடியில் எல்லாம் பல தடவை கழுவ வேண்டும். மேட்டையும் சீட்டையும் கழற்றி வெளியே போடுங்க.

6. மெக்கானிக்கிடம் இழுத்துப் போங்க. ஓட்டிப் போக வேண்டாம். எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பின்பக்க ஆக்சில் ஆயில், பிரேக் ஆயில், டேங்கில் உள்ள பெட்ரோல் அல்லது டீசல் எல்லாவற்றையும் வடிக்கச் சொல்லுங்க. ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணி கலந்திருக்கிறது. பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுழற்றிப் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் பற்றிப் பேச வேண்டும்.

ஒரு நல்ல செய்தி: கார்புரேட்டர் வைத்த பழைய அம்பாசிடரில் இன்றைய கார்களில் உள்ள கம்ப்யூட்டர் பெட்டிகள் கிடையாது. வேகமாகச் செயல்பட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

இன்சூரன்ஸில் எங்கே மாட்டிக்கொள்வோம்?

தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் வெள்ள சேதத்துக்குப் பணம் வராது. சொந்த சேதமும் சேர்ந்த பாலிசியில்தான் புயல், வெள்ளம் அடங்கும். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. பழுது பார்க்கும் முன் வண்டியை ஓட்டி, அதனால் சேதம் கூடினால் அது உரிமையாளர் பொறுப்பு. ஆக, அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால் எஞ்சினும் போகும், அதற்கான பணமும் சிக்கலாகும்.

அடுத்தது ஐ.டி.வி., அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு. 5 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கும், தயாரிப்பு நின்றுபோன மாடல்களுக்கும் இந்தத் தொகையை நிறுவனமும் நீங்களும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பிரீமியம் குறையட்டும் என்று பலர் குறைவான தொகைக்குச் சம்மதித்துவிடுகிறோம்.

உதாரணமாக, ஐ.டி.வி. ரூ.60,000 என்று வைத்துக்கொள்வோம். பழுதுச் செலவு இதில் 75 சதவீதத்தை, அதாவது ரூ.45,000-ஐத் தாண்டினால் வண்டி முழு இழப்பாகக் கணக்கிடப்படும். உப்புநீரில் மூழ்கிய காருக்கு எஞ்சின் வேலை, வயரிங், டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் சேர்த்தால் ரூ.45,000 சீக்கிரம் வந்துவிடும். சரிசெய்யக்கூடிய குடும்பக் கார், காகிதத்தில் முடிந்துபோன காராகிவிடும்.

அதனால் புதுப்பிக்கும்போதே வண்டியின் இன்றைய நிலையைக் காட்டும் போட்டோக்கள், செய்த வேலைகளின் பில்கள் எல்லாவற்றையும் கொடுத்து நியாயமான மதிப்பைக் கேளுங்க.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்க. 30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். காரைக்கால், சென்னை ஆம்புட்ஸ்மேன் அலுவலக எல்லைக்குள் வருகிறது. கட்டணம் இல்லை. ஓராண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். பீமா பரோசா இணையதளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம்.

ஆர்.சி. விஷயத்தையும் பாருங்க

தனியார் காரின் ஆர்.சி. முதலில் 15 ஆண்டுக்கு, பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. முடியும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். ஆய்வுக்கு வண்டியைக் காட்ட வேண்டும் என்பதால், மழைக்காலத்துக்குத் தள்ளிப் போடாதீங்க.

ஆர்.சி. வெள்ளத்தில் போய்விட்டால் நகலுக்குப் படிவம் 26. எம்பரிவாகன் அல்லது டிஜிலாக்கர் செயலியில் இருக்கும் ஆர்.சி.யும் சட்டப்படி செல்லும். இன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்க.

முதல் பதிவு ஆகி 50 ஆண்டு தாண்டிய வண்டியா? 2021 விதிகளின்படி விண்டேஜ் வாகனமாகப் பதிந்து 'வி.ஏ.' வரிசை எண் வாங்கலாம். புதுப் பதிவுக் கட்டணம் ரூ.20,000, செல்லுபடி 10 ஆண்டு. அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அனுமதி இல்லை. சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கவும் கூடாது. எனவே வெள்ளத்துக்குப் பிறகு வேலை பார்க்கும்போது "வேற எஞ்சின் மாத்திடலாம் சார்" என்று யாராவது சொன்னால், ஒருமுறை யோசிங்க.

வண்டியை மீட்கவே முடியாது என்றால், 14 நாட்களுக்குள் அல்லது கூடிய சீக்கிரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவை ரத்து செய்யுங்க. சும்மா பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால், காகிதத்தில் அது உங்க பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

புயல் எச்சரிக்கை வந்தால் வண்டியை மேடான இடத்துக்கு மாற்றுங்க. எச்சரிக்கைகளுக்கு சசேத் செயலி இருக்கிறது. அவசர உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. தண்ணி ஏறத் தொடங்கிய பிறகு வண்டியை எடுக்க இறங்காதீங்க. வண்டியைச் சரிசெய்ய மெக்கானிக் இருக்கிறார், முதலில் நீங்க பத்திரமா இருங்க.