கண்மாய் மடையும் பராமரிப்பும்

நமது இராமநாதபுரம் மாவட்டம் கண்மாய்களை நம்பி வாழ்வது. வைகை வந்து சேரும் பெரிய கண்மாயாயினும், ஊர்ச் சிறு கண்மாயாயினும், தேங்கிய நீரை அளந்து தருவது மடையே.

பழைய குமிழித் தூம்பில், கரைக்கு உட்புறம் இரு கல்தூண்கள் நிற்கும். அடியில் கல்தொட்டி இருக்கும். அதன் மேல்துளை நீரோடி, கீழ்த்துளைகள் சேறோடி. நீரோடியின் அடைப்பைத் தூக்கினால், நீர் சுருங்கை வழியே வயலுக்குப் பாயும். சேறோடி வண்டலையும் உடன் வெளியேற்றும். சேறோடி அடைபட்டால் மடையருகே மண் மேடிடும்.

20 செ.மீ. விட்டமுள்ள துளையின் மேல் 3 மீட்டர் நீர் நின்றால், அடைப்பை அழுத்தும் நீரின் எடை சுமார் 94 கிலோ. இந்த அழுத்தமே அடைப்பை இறுக்கிக் கசிவைத் தடுக்கிறது. ஆனால் விளிம்பில் சிறு கல் சிக்கினாலும் இரவு பகலாக நீர் வீணாகும்.

இன்று பல மடைகளில் இருப்பவை இரும்புத் திருகு ஷட்டர்கள். உப்புக் கடற்காற்றில் இவை விரைவில் துருப்பிடிக்கும். எனவே கோடையில் கண்மாய் வற்றியதும் துளைகளைத் தூர்வாரி, விளிம்பைச் சுத்தம் செய்து, திருகுக்குக் கிரீஸ் இட்டு, ஐப்பசி மழைக்கு முன் ஷட்டரை முழுவதும் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். கண்மாய் நிறைந்தபின் இவற்றைச் செய்வது அரிது.

கதிர் முற்றும் வேளையில் கடைசி ஒரு தண்ணீருக்குத் தவிப்பவர் கடைமடை உழவரே. எங்கள் வயலும் கடைமடைதான். நீரழுத்தத்தை வகுப்பில் கற்கும் நாம், கோடை விடுமுறையில் ஊர்ப் பெரியவர்களுடன் சென்று நம் ஊர் மடையைச் சோதித்துப் பார்ப்போமாக!