பாட்டியின் பாட்டுப் புத்தகம்

மயிலாப்பூரில் பூக்கட்டும் என் பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. ஆயினும் பழைய குஜிலிப் பாட்டுப் புத்தகமொன்றைப் பெட்டியில் காத்து வருகிறார். முதல் தாளும் கடைசித் தாளும் இல்லை. எழுதியவர் யார்?

ஆய்வகத்தில் உப்பைச் சோதிப்பதுபோல் இதற்கும் படிகள் உண்டு. புலவர் தம் பெயரை இறுதி அடிகளில் பதித்திருப்பதுண்டு. அத்தாள் போயிருப்பின், 1867-ஆம் ஆண்டு நூற்பதிவுச் சட்டப்படி அரசு வெளியிட்ட காலாண்டுப் பட்டியல்களைப் பார்க்கலாம். தலைப்பு, ஆசிரியர், அச்சகம், பக்கம், விலை அவற்றில் பதிவாயின. தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் முழுப் பிரதி இருந்தால் அடிக்கு அடி ஒப்பிடலாம்.

இலண்டனில் பென்னிக் கதைகள் எழுதிய ரைமர், பெயரெழுத்துகளை மாற்றி ‘எர்ரிம்’ என மறைந்தார்; ஆய்வாளர் கண்டுகொண்டனர்.

எங்கள் வீட்டில் முதன்முதல் கல்லூரி கண்டவன் நான். பாட்டி கேட்கிறார்: “அந்த மனுசன் பேரு தெரிஞ்சா சொல்லு கண்ணு, சொல்லிட்டுப் பாடுவேன்.”